கொல்லைத் தென்னையின் உயரம் 18 மீட்டரா, 16.66 மீட்டரா?

பேராவூரணி வாசகி (கேள்வி)

வணக்கம். எங்கள் கொல்லையில் நிற்கும் ஒரு தென்னையைப் பற்றிய கேள்வி இது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது; கொல்லையில் நின்ற இந்த ஒரு மரம்தான் தப்பியது. என் மாமியார் கையால் வைத்த மரம். அன்றைக்கு விழாத மரத்தில் இப்போது சிவப்புக் கூன்வண்டு புகுந்துவிட்டது. தண்டில் துளைகள் விழுந்து பழுப்பு நிறச் சாறு வழிகிறது. இனி வைத்திருக்க முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும்.

மரத்தின் தூரிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர் 17 மீட்டர். ஓட்டு வீடு. அங்கே ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். வெட்டும்போது மரம் அந்தப் பக்கம் சரிந்தால் வீட்டை எட்டுமா, எட்டாதா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கோணமானியின் நேர் விளிம்பில் ஒரு உறிஞ்சுகுழலை ஒட்டி, நடுப்புள்ளியில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டாள். தூரிலிருந்து டேப்பில் 15 மீட்டர் அளந்து, அங்கே நின்று குழல் வழியாகக் கொண்டையைப் பார்த்தாள். நூல் 42இல் நின்றது. அதை 90இல் கழித்தால் ஏற்றக் கோணம் 48 பாகை என்றாள். உயரம் = 15 × டேன் 48. முக்கோணவியல் அட்டவணையில் டேன் 48க்கு 1.1106 என்று இருக்கிறது. அவளுக்கு வந்த விடை 16.66 மீட்டர்.

மகன் அதே கணக்கைத் தன் செல்பேசியில் போட்டான். அவனுக்கு 18.00 மீட்டர் வருகிறது. இரண்டு தடவை போட்டும் அதேதான்.

ஒரு விடை 17க்கு உள்ளே, இன்னொன்று வெளியே. யாரை நம்புவது?

---

கணக்கு ஆசிரியை

அம்மா, முதலில் மகனின் செல்பேசியில் சைன் 30 போடச் சொல்லுங்கள். 0.5 வந்தால் அது பாகையில் கணக்கிடுகிறது. −0.988 என்று வந்தால் ரேடியனில் இருக்கிறது; அது கோணத்தை அளக்கும் வேறோர் அலகு. இரண்டாவதுதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். டேன் மதிப்பு ஒவ்வோர் அரைச்சுற்றுக்கும் ஒருமுறை திரும்ப வரும். 48 ரேடியனிலிருந்து 15 அரைச்சுற்றுகளைக் கழித்தால் 0.876 ரேடியன் மிஞ்சும். அது 50.2 பாகைக்குச் சமம். அதன் டேன் 1.2. பதினைந்தால் பெருக்கினால் 18.00. உங்கள் மகன் கண்ட எண் இதுதான்.

வகுப்பில் இந்தத் தவறைப் பிடிப்பது பெரும்பாலும் எளிது. உயரம் குறை எண்ணாக வரும், அல்லது தென்னை அரை மீட்டர் என்று வரும். பார்த்தவுடனே பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள். உங்கள் கணக்கில் 48 என்ற எண் அமைந்த விதத்தால் தவறான விடையும் நம்பும்படியாக வந்துவிட்டது. பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம்.

மகளின் கணக்கிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவள் தரையில் படுத்துக்கொண்டு பார்க்கவில்லையே? 16.66 என்பது அவள் கண்மட்டத்துக்கு மேலே உள்ள உயரம் மட்டும். தரையிலிருந்து கண் வரைக்கும் அளந்து அதையும் கூட்டுங்கள்.

---

பேராவூரணி வாசகி

மிக்க நன்றி. நீங்கள் சொன்னதுபோலவே −0.988 வந்தது. மகளின் கண்மட்டம் 1.42 மீட்டர். கூட்டினால் 18.08. அப்படியென்றால் தவறான வழியில் போன மகனின் விடைதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது! மரம் 18 மீட்டர், வீடு 17 மீட்டரில். எட்டிவிடும் என்றே வைத்துக்கொள்ளலாமா?

---

நில அளவர் (ஓய்வு)

சகோதரி, இன்னும் எதையும் முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் 33 வருடம் வயலிலும் வரப்பிலும் அளவு வேலை பார்த்தவன். கஜாவுக்குத் தப்பிய மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் எழுந்தது: மரம் நேராக நிற்கிறதா?

டேன், சைன், கொசைன் மூன்றும் செங்கோண முக்கோணத்துக்கு உரியவை. எந்த விகிதத்தைப் போடுவது என்பது இரண்டாவது வேலை. செங்கோணம் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவதுதான் முதல் வேலை. பாடப்புத்தகப் படத்தில் மூலையில் ஒரு சிறு சதுரம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கொல்லையில் அந்தச் சதுரத்தை யாரும் போட்டுத் தருவதில்லை. நாம்தான் தேட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆற்றின் அகலம் வேண்டியிருந்தது. தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. எதிர்க்கரையில் ஒரு புளியமரம். அதற்கு நேர் எதிரே இந்தக் கரையில் ஒரு முளை அடித்தேன். கரையோடு 20 மீட்டர் நடந்து இரண்டாவது முளை. அங்கிருந்து புளியமரத்துக்குக் கோணம் 58 பாகை. 20 × டேன் 58, அகலம் 32 மீட்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வெயிலுக்குப் பயந்து, முதல் முளையில் செங்கோணத்தைக் கருவி வைத்துப் பார்க்காமல் கண்ணாலேயே பிடித்திருந்தேன். பிறகு பரிசலில் கயிறு கொண்டுபோய் அளந்தபோது 37 மீட்டருக்கு மேல் இருந்தது. திரும்ப வந்து கோணத்தைப் பார்த்தால் 90க்குப் பதில் 95. செங்கோணத்தில் ஐந்து பாகை பிசகியதற்கு அகலத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் போய்விட்டது. 58ஐ நான் சரியாகத்தான் படித்தேன். டேனும் சரி, பெருக்கலும் சரி. அது செங்கோண முக்கோணமாக இல்லை, அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு தூக்குக்குண்டும், செங்கோணம் பிடிக்கும் கருவியான கிராஸ் ஸ்டாஃபும் இல்லாமல் நான் கோணம் பிடித்ததில்லை.

உங்கள் மகள் வரைந்த முக்கோணத்தில் செங்கோணம் மரத்தின் தூரில் இருக்கிறது. மரம் செங்குத்தாக நின்றால் அது சரி. சாய்ந்திருந்தால் கொண்டைக்கு நேர் கீழே தூர் இருக்காது. வேறோர் இடம் இருக்கும். செங்கோணம் அந்த இடத்துக்குப் போய்விடும். அடுத்துள்ள பக்கத்தை அங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நூலில் கல்லைக் கட்டிக்கொள்ளுங்கள். மரத்தை விட்டுத் தள்ளி நின்று, கையை நீட்டி நூலைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூல் கொண்டையின் நடுவைத் தொடும்படி பிடியுங்கள். நூல் தரையை எந்தக் கோட்டில் வெட்டுகிறது என்று பார்த்து, இன்னொருவரை அந்தக் கோட்டில் சுண்ணாம்பு தூவச் சொல்லுங்கள். பிறகு மரத்தின் பக்கவாட்டுக்குப் போய் அங்கிருந்தும் அப்படியே செய்யுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் கொண்டையின் நேர் அடி.

செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். மகள் எந்தப் பக்கம் நின்று பார்த்தாள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

---

கைமரம்

ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் கூரை வேலை செய்கிறவன். எங்களுக்குக் கர்ணம்தான் சோறு போடுகிறது. பாதி அகலம் 3 மீட்டர், சாய்வு 30 பாகை என்றால், முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரம் 3 ÷ கொசைன் 30, அதாவது 3.464 மீட்டர். அதற்கு மேல் தாழ்வாரத்துக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்வேன்.

போதையனார் பெயரில் ஒரு பாட்டு இணையத்தில் சுற்றுகிறதே, நீளப் பக்கத்தில் எட்டில் ஒன்றைத் தள்ளிவிட்டுச் சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்று? வர்க்கமூலமே வேண்டாம் என்கிறார்களே. மரத்துக்கு அதைப் பயன்படுத்தினால் என்ன?

---

நில அளவர் (ஓய்வு)

தம்பி, அந்த வழியில் 3, 4 போட்டால் 5 வரும். 5, 12 போட்டால் 13 வரும். இரண்டும் அச்சாக வருவதால் எல்லாவற்றுக்கும் வரும் என்று ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். 8, 15 போட்டுப் பாருங்கள். 17 வர வேண்டும், 17.125 வரும். 1, 1 போட்டால் 1.414க்குப் பதில் 1.375 வரும். தோராயத்துக்கு நல்ல வழிதான், மனக்கணக்குக்கு அழகாக இருக்கிறது. உங்கள் கைமரத்துக்கே போட்டுப் பாருங்கள்: நீளப் பக்கம் 3, சின்னப் பக்கம் 1.732. விடை 3.491. உங்கள் 3.464ஐ விட 2.7 சென்டிமீட்டர் கூடுதல். முகட்டில் இரண்டு கைமரமும் சேரும் இடத்தில் அந்த 2.7 என்ன செய்யும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

---

பேராவூரணி வாசகி

ஐயா, நீங்கள் சொன்னபடி நூலும் கல்லும் வைத்துப் பார்த்தோம். தினம் பார்க்கிற மரம், சாய்வு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு சுண்ணாம்புக் கோடுகளும் வெட்டிய இடம் தூரிலிருந்து சரியாக 2 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதுவும் பாட்டியின் வீட்டுப் பக்கமாக. மகள் அன்றைக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறாள், சுவருக்கு இரண்டு மீட்டர் முன்னால். மரம் அவளை நோக்கிச் சாய்ந்திருந்திருக்கிறது.

அவள் உங்களிடம் ஒன்று கேட்கச் சொல்கிறாள்: "சைன், கொசைன், டேன் மூன்று இருக்கும்போது உயரம், தொலைவுக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஏன் டேனையே போடுகிறோம்?"

---

நில அளவர் (ஓய்வு)

பாப்பா, நல்ல கேள்வி. உன் கண்ணிலிருந்து கொண்டைக்குப் போகும் பார்வைக் கோடுதான் கர்ணம். அது வெறும் காற்றில் இருக்கிறது. அதன்மேல் டேப்பைப் பிடிக்க முடியாது. உன்னால் நடந்து அளக்க முடிவது தரையில் இருக்கும் பக்கம் மட்டும், கேட்கப்படுவது எதிரே நிற்கும் பக்கம். இந்த இரண்டையும் கட்டுவது டேன். கையில் இருப்பது எது, வேண்டியது எது என்று இரண்டு பக்கத்துக்கும் பெயர் வைத்துவிட்டால் விகிதம் தானாக வந்து நிற்கும். பட்டம் விடும்போது நூலின் நீளம் தெரியும், அது கர்ணம். அங்கே உயரத்துக்குச் சைன். கூரைக்காரத் தம்பிக்குத் தரைப் பக்கம் தெரியும், கர்ணம் வேண்டும். அவர் கொசைன் போட்டார்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். நீ நின்ற இடத்திலிருந்து தூர் 15 மீட்டர். ஆனால் கொண்டையின் நேர் அடி 13 மீட்டர்தான். ஆகவே 13 × 1.1106 = 14.44. கண்மட்டம் 1.42 சேர்த்தால் 15.86 மீட்டர். உன் 16.66உம் இல்லை, அண்ணனின் 18உம் இல்லை, கண்மட்டம் கூட்டிய 18.08உம் இல்லை. தென்னை உன் பக்கம் குனிந்து நின்றதால் இருப்பதைவிட உயரமாகக் காட்டியது.

ஒரே அளவை நம்பி நான் கையெழுத்துப் போடுவதில்லை. நீ மரத்தின் பக்கவாட்டில், சாய்வுக்குக் குறுக்கே போய் நில். சுண்ணாம்புப் புள்ளியிலிருந்து 15 மீட்டர் அளந்துகொள். மறுபடி கோணம் பார். ஏறக்குறைய 44 வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கேயோ பிசகு இருக்கிறது, தேடுவோம். நூல் ஆடாமல் நின்ற பிறகு அதைக் கோணமானியோடு சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே இறக்கிப் படி. குழல் வழியாகப் பார்த்துக்கொண்டே எண்ணையும் படிக்கப் பார்த்தால் இரண்டு பாகை போய்விடும். இந்தத் தொலைவில் ஒரு பாகை பிசகினால் உயரத்தில் அரை மீட்டர்.

இன்னொரு வழியும் சொல்லித் தருகிறேன். கால்குலேட்டரே வேண்டாம். நூல் 45இல் நிற்கும் வரைக்கும் முன்னும் பின்னும் நகர்ந்து பார். டேன் 45 என்பது 1. அந்த இடத்திலிருந்து சுண்ணாம்புப் புள்ளிக்கு எவ்வளவு தூரமோ, கண்மட்டத்துக்கு மேல் அவ்வளவு உயரம்.

உங்கள் தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் இந்தக் கணக்குக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு, அதையும் தெரிந்துகொள். வில்லியம் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர் 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். பிறகு அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கோணங்களை மட்டும் பார்த்து, மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடித்துக்கொண்டு போனார். நாட்டையே அளந்த வேலை அங்கேதான் தொடங்கியது. டெல்டாவில் மலை ஏது? ஏறி நின்று பார்க்கக் கோயில் கோபுரங்களைத்தான் பிடித்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே இழுத்தபோது கயிறு விட்டுப்போய்க் கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, கோணம் காட்டும் வட்டத்தைத் தானே தட்டித் தட்டி நேராக்கினார். ஆறு வாரம் ஆயிற்று. கோணம் பிசகினால் அதன்மேல் கட்டிய அத்தனை பக்கங்களும் பிசகும் என்பது அவருக்குத் தெரியும். பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்த்து அந்த ஆறு வாரத்தை நினைத்துக்கொள்வேன்.

---

பேராவூரணி வாசகி

ஐயா, பக்கவாட்டில் நின்று மூன்று தடவை பார்த்தாள். 44, 44, 43 வந்தது. முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டோம். 15 × 0.9657 = 14.49, கண்மட்டத்தோடு 15.91 மீட்டர். உங்கள் 15.86க்குப் பக்கத்திலேயே வருகிறது.

பிறகு அவளாகவே இன்னொரு முக்கோணம் வரைந்தாள். தூர், சுண்ணாம்புப் புள்ளி, கொண்டை. செங்கோணம் சுண்ணாம்புப் புள்ளியில். தரைப் பக்கம் 2, நிற்கும் பக்கம் 15.91, கர்ணம்தான் மரத்தின் நீளம்: 16.04 மீட்டர். தூரோடு சாய்ந்தால் விழுவது இந்த நீளம்தானே?

17 மீட்டரில் சுவர். ஒரு மீட்டர் இடைவெளி இருக்கிறது. வெட்டிவிடலாமா?

---

நில அளவர் (ஓய்வு)

வேண்டாம், சகோதரி. கணக்கு சரி, பாப்பா செங்கோணத்தைத் தானாகவே சரியான இடத்தில் வைத்திருக்கிறாள், எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் அவள் குறிபார்த்தது கொண்டையை. அதற்கு மேல் மட்டையும் கீற்றும் இருக்கின்றன. நன்றாக வளர்ந்த தென்னையின் மட்டை 5 மீட்டர் வரும். 16உம் 5உம் 21. ஓட்டு வீட்டின் நடு முற்றம் வரைக்கும் போய்விடும். போதாததற்கு மரம் சாய்ந்திருப்பதும் அந்தப் பக்கம்தான். கயிறு கட்டி எதிர்ப்பக்கம் இழுத்தாலும் வண்டு அரித்த தண்டு எங்கே முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மரம் ஏறுகிறவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் வண்டு துளைத்த இடத்தைக் காட்டுங்கள்; ஏறலாமா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். ஏறலாம் என்றால் முதலில் மட்டைகளைக் கழித்து, பிறகு மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒருநாள் பாட்டியை உங்கள் வீட்டில் இருக்க வையுங்கள்.

---

கைமரம்

மேலே ஏறுகிறவரிடம் ஒரு கயிறு கொடுத்துவிடுங்கள், அம்மா. கொண்டையிலிருந்து தொங்கவிட்டு அளந்தால் உயரம் அப்படியே கிடைத்துவிடும். பாப்பாவுக்கும் தெரிந்த மாதிரி இருக்கும்.

---

பேராவூரணி வாசகி

நேற்று வேலை முடிந்தது. ஏறுகிறவர் தூரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். துளைகள் எல்லாம் மேல்பாதியில்தான், தண்டின் அடிப்பாகம் கெட்டியாக இருக்கிறது, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறேன் என்றார். பாட்டி காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

மட்டைகளைக் கழிப்பதற்கு முன் மேலிருந்து கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினார். கல் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்து சுண்ணாம்புப் புள்ளிக்கு ஒரு சாண் தள்ளித் தரையைத் தொட்டது. மகள் ஓடிப்போய் மண்டியிட்டு அந்த ஒரு சாணைக் கையாலேயே அளந்தாள். கயிற்றில் மேலே முடிச்சுப் போட்டுக் கீழே விட்டார். டேப்பில் வைத்து அளந்தோம்: 15.70 மீட்டர்.

எங்கள் கணக்கு 15.91. இருபத்தொரு சென்டிமீட்டர் எங்கே போனது என்று அவள் இரவு சாப்பாட்டுக்குக்கூட வராமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

---

நில அளவர் (ஓய்வு)

21 சென்டிமீட்டர் என்றால் கோணத்தில் அரைப் பாகைகூட இல்லை. கோணமானியிலும் நூலிலும் இதைவிட நெருக்கமாகப் பார்ப்பது கடினம். ஆனாலும் கேட்கிறேன்: ஏறியவர் கயிற்றை எங்கே பிடித்து இறக்கினார்? பாப்பா எந்த இடத்தைக் குறிபார்த்தாள்?

---

பேராவூரணி வாசகி

கேட்டேன், ஐயா. அவர் கீழ் மட்டையின் இடுக்கில் கயிற்றைப் பிடித்திருக்கிறார். மகள் பார்த்தது அதற்குச் சற்று மேலே, குருத்து கிளம்பும் இடத்தை. அறுத்து இறக்கிய கொண்டைத் துண்டு கொல்லையில்தான் கிடக்கிறது. இடுக்கிலிருந்து குருத்தின் அடி வரைக்கும் டேப்பை வைத்தாள். 24 சென்டிமீட்டர்.